திரும்பும் முகமும் திரியாத அடையாளமும்

(கோவை, கணபதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உழைத்துச் சேர்த்த பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, ஆண்டுதோறும் ஊரார் ஓரிடத்தில் கூடி ஏதேனும் ஒரு விஷயத்தைக் குறித்து நிதானமாகச் சிந்திக்க வேண்டும் என்று விரும்பிய ஒரு பெரியவரின் நினைவாகப் பேசும் வாய்ப்பை எனக்கு அளித்தமைக்கு முதற்கண் நன்றி செலுத்துகிறேன். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், நாம் ஒவ்வொருவரும் விழித்தது முதல் உறங்கும் வரை செய்துகொண்டே இருப்பதும், செய்கிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் செய்வதுமான ஒரு காரியத்தைப் பற்றியது. ஒருவருடைய முகத்தை நேராகவோ, சாய்வாகவோ, பக்கவாட்டிலோ, எந்தக் கோணத்தில் கண்டாலும், ‘இவர் இன்னார்’ என்று எப்படி அறிந்துகொள்கிறோம் என்பதே அது.

காந்திபுரத்திலிருந்து சத்தி சாலை வழியாக வரும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒருவர், நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தினிடையே ஒரு கன்னத்தையும் காதோரத்து நரையையும் கண நேரம் கண்டுவிட்டு, ‘அட, நம்ம சித்தப்பா!’ என்று கையை ஆட்டுகிறார். சித்தப்பா திரும்பிப் பார்க்கும் முன்பே அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இதில் அதிசயம் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால், கண்ணுக்குள் விழுந்த பிம்பத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், நேர்முகத்தில் இரண்டு கண்கள், இரண்டு கன்னங்கள், நடுவே நிழலாக மட்டும் தெரியும் ஒரு மூக்கு. பக்கவாட்டிலோ ஒரே கண், விளிம்புக்கோடாக நீண்ட மூக்கு, முன்பு சரியாகத் தெரியாத காது. இரண்டு பிம்பங்களுக்கும் பொதுவானது மிகச் சொற்பம். யேல் மோசஸ், யேல் ஆதினி, ஷிமோன் உல்மன் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் 1994-இல் படங்களை அளந்து ஒப்பிட்டுக் காட்டியது என்னவென்றால், வெளிச்சமும் கோணமும் மாறும்போது ஒரே மனிதரின் இரு படங்களுக்கிடையே ஏற்படும் வேறுபாடு, ஒரே கோணத்தில் எடுத்த இரு வேறு மனிதர்களின் படங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்பதே. பிம்பத்தை மட்டும் நம்பினால் சித்தப்பாவை அந்நியர் என்றும், அந்நியரைச் சித்தப்பா என்றும் நாம் கொள்ள நேரிடும். அப்படி நேரிடுவதில்லையே, ஏன்?

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பல கோணங்களிலும் ஒருவரை அறியும் ஆற்றல் நமக்குப் பரிச்சயத்தால் வருகிறது. பரிச்சயம் இல்லாத இடத்தில் அவ்வாற்றல் நாம் நம்புவதைவிட மிகக் குறைவு. அந்தப் பரிச்சயத்துக்கு அஸ்திவாரம், பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே, கண் வழியாக இடப்படுகிறது. இம்மூன்றும் உண்மையானால், நீதிமன்றத்திலும், அலுவலகத்திலும், பிரசவ விடுதியிலும் நமக்குச் சில கடமைகள் உண்டு.

1. கலைஞர் கண்ட கோணங்கள்

விஞ்ஞானி இக்கேள்வியை எழுப்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, முகத்தை எந்தப் பக்கத்திலிருந்து காட்டினால் காண்பவர் ஆளை அறிந்துகொள்வார் என்ற பிரச்சினையை ஓவியரும் நாணயம் அடிப்போரும் தீர்க்க வேண்டியிருந்தது. ஷாஜஹான் காலத்து முகலாய ஓவியர்கள் அரசரைப் பெரும்பாலும் சுத்தமான பக்கவாட்டிலேயே தீட்டினார்கள். விக்டோரியா அரசி முதல் ஆறாம் ஜார்ஜ் வரை நம் முன்னோர் கையில் புரண்ட ரூபாய்களிலும் பக்கவாட்டு முகமே இருந்தது. நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் ஆகியவற்றின் விளிம்புக்கோடு ஒன்றே ஆளைக் காட்டிவிடும் என்பதோடு, தேய்மானத்தைப் பற்றிய கவலையும் அதில் உண்டு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி, செம்பு மிகுதியாகக் கலந்த வெள்ளிக் காசுகளில் தம் முகத்தை நேராகப் பொறிக்கச் செய்தபோது, புடைத்து நின்ற மூக்கு முதலில் தேய்ந்து உள்ளிருந்த செம்பு வெளிப்பட, ஜனங்கள் அரசரைச் ‘செம்பு மூக்கர்’ என்றே அழைத்தார்களாம்.

பாரிஸ் போலீஸ் இலாகாவில் அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர் 1880-களில் குற்றவாளிகளின் அங்க அளவுகளைக் குறிக்கும் முறையை ஏற்படுத்தியபோது, நேர்முகப் படம் ஒன்றும் பக்கவாட்டுப் படம் ஒன்றும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று விதித்தார். ஒன்று மட்டும் போதாது என்று அவர் உணர்ந்தது கவனிக்கத்தக்கது; அந்த இரட்டைப் படம் இன்றும் உலகெங்கும் காவல் நிலையங்களில் நிலவுகிறது.

நம் ஊர் ஸ்டுடியோக்காரர்களோ மூன்றாவது ஒரு கோணத்தைப் பழக்கத்தால் கண்டார்கள். கலியாணப் பேச்சுக்காகப் படம் எடுத்துக்கொள்ள வந்த பெண்ணை நாற்காலியில் அமர்த்தி, ‘தலையை லேசா அந்தப் பக்கம் திருப்புங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க’ என்று அவர்கள் சொல்வது, நேர்முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடைப்பட்ட முக்கால் முகத்தைப் பெறுவதற்கே. அக்கோணத்தில் இரண்டு கண்களும் தெரிகின்றன. மூக்கின் எடுப்பும், கன்னத்தின் வளைவும், தாடையின் கோடும் கூடவே தெரிகின்றன. 1996-இல் வெளிவரத் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசை ரூபாய் நோட்டுகளில் அண்ணலின் புன்னகை முகம் சற்றே திரும்பியிருப்பதை இச்சபையில் உள்ளவர்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்தே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தபோது, முன்பின் அறியாத முகத்தை நினைவில் கொள்வதற்கு முக்கால் முகம் பல சோதனைகளில் அநுகூலமாக இருந்தது. ஆனால் விக்கி புரூஸ் முதலியோர் 1987-இல் கண்டபடி, நன்கு அறிந்த முகங்களின் விஷயத்தில் அந்த அநுகூலம் மறைந்துவிட்டது. அறிந்தவருக்குக் கோணம் ஒரு பொருட்டில்லை என்ற இச்சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இச்சொற்பொழிவு முழுவதும் அதைச் சுற்றியே செல்கிறது.

2. நினைவில் இருப்பது எது?

கணபதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் அந்நியமல்ல. ஃபவுண்டரிக்குப் பேட்டர்ன் செய்து தருபவர், காகிதத்தில் வரைந்த முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்னும் மூன்றையும் மாறி மாறிப் பார்த்து, அவற்றைத் தம் மனத்தில் ஒன்றாக்கி, கனபரிமாணமுள்ள ஓர் உருவை மரத்தில் செதுக்குகிறார். நாம் ஒரு முகத்தை அறியும்போதும் மனம் இப்படி ஒரு முழு உருவைச் செதுக்கி வைத்துக்கொள்கிறதா, அல்லது தனித்தனித் தோற்றங்களை மட்டுமே வைத்துக்கொண்டு அவற்றுக்கிடையே தொடர்பு ஏற்படுத்துகிறதா என்பதே, சென்ற நூற்றாண்டின் இறுதியில் இத்துறையாளரை இரு கட்சியாகப் பிரித்த வினா. 1982-இல் வெளியான டேவிட் மாரின் நூல் முதற்கட்சிக்கு வலுவூட்டியது. 1990-இல் தொமாசோ பொஜ்ஜியோவும் ஷிமோன் எடெல்மனும், சில தோற்றங்களை மட்டும் கற்ற ஒரு கணித அமைப்பு, கற்காத இடைத் தோற்றங்களையும் அறியக்கூடும் என்று காட்டியபோது இரண்டாம் கட்சி தலையெடுத்தது.

இதற்கு மூளையே ஒரு விடையைத் தந்திருக்கிறது. குரங்குகளின் மூளையில், காதுக்கு உட்புறமாக அமைந்த பகுதியில், முகத்தைக் கண்டால் மட்டுமே கிளர்ச்சியுறும் உயிரணுக்கள் உண்டென்று சார்லஸ் கிராஸ் முன்பே கண்டிருந்தார். ஸ்காட்லாந்தில் டேவிட் பெரெட், அவற்றுள் சில நேர்முகத்துக்கும், சில பக்கவாட்டு முகத்துக்கும் மட்டுமே பதிலளிப்பதைக் கண்டார். 2010-இல் வின்ரிச் ஃபிரைவால்டும் டோரிஸ் சாவோவும் அந்தப் பகுதியை அடுத்தடுத்த நிலைகளாகப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, படிப்பவரை வியக்க வைப்பது.

முதல் நிலையில் உள்ள ஓர் அணுவுக்கு இடப்பக்கம் திரும்பிய முகத்தைக் காட்டினால் அது துடிக்கிறது. அதே மனிதரை வலப்பக்கம் திருப்பினால் மௌனமாகிவிடுகிறது. முகம் யாருடையது என்பது அதற்கு முக்கியமில்லை, எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே முக்கியம். அடுத்த நிலையில் உள்ள அணுவோ, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே மாதிரி பதிலளிக்கிறது. கண்ணாடியில் தெரியும் பிரதிபிம்பத்தையும் மூலத்தையும் அது ஒன்றாகக் கொள்கிறது. கடைசி நிலையில், முகம் எங்கே திரும்பியிருந்தாலும், குறிப்பிட்ட சில மனிதர்களுக்கே அணுக்கள் துடிக்கின்றன. கோணத்தில் தொடங்கி, கண்ணாடிச் சமத்துவத்தின் வழியாக, ஆளில் வந்து முடிகிறது அந்த யாத்திரை. மனிதர் மூளையிலும், குறிப்பாக அதன் வலப்பாதியில், முகத்துக்கென்று விசேஷமாகச் செயற்படும் பகுதி உண்டென்பதை 1997-இல் நான்சி கான்விஷரும் அவருடைய துணைவர்களும் நிறுவினார்கள்.

வெவ்வேறு கோணங்களை ‘இவை ஒருவருடையவை’ என்று மூளை இணைப்பது எப்படி? இதற்கு கை வாலிஸ், ஹைன்ரிச் பியூல்தோஃப் இருவரும் 2001-இல் செய்த ஒரு சோதனை வழி காட்டுகிறது. ஒருவரின் நேர்முகத்தில் தொடங்கி, தலை திரும்பத் திரும்ப, சிறிது சிறிதாக மற்றொருவரின் பக்கவாட்டு முகமாக மாறிவிடும் வண்ணம் படங்களை அடுத்தடுத்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பிறகு அந்த இருவரையும் ஒருவரோடொருவர் குழப்பிக்கொண்டார்கள். காலத்தில் அடுத்தடுத்து வருபவை ஒரே பொருளின் தோற்றங்கள் என்று மனம் கொள்கிறது. உலகில் முகங்கள் தொடர்ச்சியாகத் திரும்புவதால், அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கிறது. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்தில், பதினேழாம் நூற்றாண்டுத் தூண் சிற்பங்களின் எதிரே நின்று, பின் மெல்லப் பக்கமாக நகர்ந்து பாருங்கள். அகோர வீரபத்திரரின் முகம் நேரிலிருந்து முக்காலாகவும், முக்காலிலிருந்து பக்கவாட்டாகவும் ஓர் இடைவெளியுமின்றி மாறிச் செல்வதை உணர்வீர்கள். குழந்தை தாயின் முகத்தைக் கற்பதும், நாம் அண்டை வீட்டுக்காரரை அறிவதும் இவ்வாறே. அசையும் முகத்தின் கூடவே இருந்து, நாட்கணக்காகக் கற்கிறோம்.

3. அறிந்த முகமும் அறியாத முகமும்

இனி, சொற்பொழிவின் மையத்துக்கு வருகிறேன். 2011-இல் ராப் ஜென்கின்ஸ் முதலியோர், நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரு பெண்மணிகளின் படங்களை, ஆளுக்கு இருபதாக, மொத்தம் 40 படங்களைக் கலந்து, அவர்களை அறியாத பிரிட்டிஷ்காரர்களிடம் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அடுக்கியவர்கள் சராசரியாக ஏழெட்டுப் பேர் இருப்பதாகக் கருதி ஏழெட்டு அடுக்குகள் வைத்தார்கள். அதே படங்களை நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது அவர்கள் தயக்கமின்றி இரண்டாகப் பிரித்தார்கள். படங்கள் ஒன்றே, கண்களும் ஒரே தரத்தவை. பரிச்சயம் ஒன்றே வித்தியாசம்.

இதை நாம் கோவையிலேயே அநுபவித்திருக்கிறோம். எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்தில், கோவைப் பட்சிராஜா நிறுவனம் தயாரித்து 1954-இல் வெளியிட்ட ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆர். வேறு வேறு வேஷங்களில் தோன்றுகிறார். கதையில் உள்ளவர்கள் அவரை அறியாமல் ஏமாறுகிறார்கள். கொட்டகையில் இருந்தவர்களோ முதற்காட்சியிலேயே அறிந்து ஆரவாரித்தார்கள். நன்கு பழகிய முகத்துக்குத் தாடியும் தலைப்பாகையும் திரையாவதில்லை.

ஆனால் நாம் செய்யும் தவறு, அறிந்த முகங்களில் நமக்குள்ள திறமையை அறியாத முகங்களிலும் உள்ளதாக எண்ணிக்கொள்வது. சராசரி மனிதர் ஐயாயிரம் முகங்கள் வரை அறிந்திருப்பார் என்று 2018-இல் ஜென்கின்ஸ் குழுவினர் கணித்தார்கள். இவ்வளவு பெரிய செல்வத்தை வைத்திருப்பவருக்கு, தம்மால் எந்த முகத்தையும் அறிய முடியும் என்ற தைரியம் பிறப்பது இயல்பே. 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆஸ்திரேலியாவின் பாஸ்போர்ட் அதிகாரிகளின் முன் ஆட்கள் நேரில் நிற்க, வேறொருவர் படத்தைக் காட்டியபோது, நூற்றுக்குப் பதினான்கு தடவை அவர்கள் அதை அவர் படமே என்று ஏற்றுக்கொண்டார்கள். பல்லாண்டு அநுபவம் உள்ளவர்களும் புதியவர்களைவிடச் சிறந்திருக்கவில்லை. அந்நிய முகங்களை ஆயிரக்கணக்கில் பார்ப்பது வேறு, ஒரு முகத்தோடு பழகுவது வேறு.

இவ்விஷயத்தில் நம் தேசத்தின் மிகப் பிரசித்தமான வழக்கு பாவல் சந்நியாசி வழக்கு. டாக்காவுக்கு அருகிலுள்ள பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண ராய் 1909-இல் டார்ஜீலிங்கில் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து, உடலெங்கும் திருநீறு பூசிய ஒரு சந்நியாசி டாக்காவில் வந்து அமர்ந்தார்; ஊரார் அவரைக் குமாரர் என்றார்கள். சகோதரி ஜோதிர்மயி தம் தம்பியே என்று ஏற்றார். மனைவி விபாவதி அவர் வஞ்சகர் என்று கடைசிவரை மறுத்தார். இருதரப்பிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, நீதிபதி பன்னாலால் போஸ் 1936-இல் அவர் குமாரரே என்று தீர்ப்பளித்தார். 1946-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. ஒரே முகத்தைக் கண்டு, பழகிய இருவர் நேர்மாறாகச் சத்தியம் செய்தபோது, நீதிமன்றம் முகத்தோடு நில்லாமல் உடல் அடையாளங்களையும், மற்றச் சான்றுகளையும், ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டது. முகம் சாட்சி சொல்லும்; ஆனால் தனிச் சாட்சியாக அதை நிறுத்தக்கூடாது என்பதே அவ்வழக்கிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

நம் சட்டமும் இதே எச்சரிக்கையோடு இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடத்தப்படும் அடையாள அணிவகுப்பு, சாட்சியின் கூற்றுக்கு வலுச்சேர்க்குமே தவிர, தானே தனித்த சான்றாக நிற்பதில்லை. இரவில், ஓடும்போது, பக்கவாட்டில் ஒரு கணம் கண்ட அந்நியரை, பல மாதம் கழித்து நேர்முகமாகக் கண்டு ‘இவர்தான்’ என்று சொல்பவர் பொய்யராக இருக்க வேண்டியதில்லை. உண்மையாகவே நம்பித் தவறாகச் சொல்லலாம். எதிரே நிற்பவரின் விடுதலையும் சிறையும் அந்த நம்பிக்கையில் தொங்குகின்றன என்பதைச் சாட்சி சொல்பவரும் விசாரிப்பவரும் மறக்கலாகாது.

இயந்திரங்கள் இக்குறையைப் போக்கிவிடாவா என்று மாணவர்கள் கேட்கலாம். 2014-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தார் வெளியிட்ட டீப்ஃபேஸ் என்னும் அமைப்பு, திரும்பியுள்ள முகத்தைக் கணக்கின் மூலம் நேர்முகமாகத் திருப்பிக்கொண்டு, பின்னரே ஒப்பிட்டது. ஒரு பிரபல சோதனைத் தொகுப்பில் 97.35 சதவீதம் சரியான விடை தந்தது. எனினும், லட்சம் பேர் நடமாடும் தெருவில் நூற்றுக்கு ஒரு தவறு என்பதே ஆயிரம் நிரபராதிகள்மீது சந்தேகம் என்று பொருள்படும். இயந்திரத்துக்கும் தனிச் சாட்சி அந்தஸ்து தரலாகாது.

4. அஸ்திவாரம் இடப்படும் மாதங்கள்

பிறந்து ஓரிரு நாளான சிசுவும் முகம் போன்ற அமைப்பை மற்றவற்றைவிட விரும்பிப் பின்தொடர்கிறது. இத்தாலியில் கியாரா துராத்தியும் துணைவரும் 2008-இல் கண்டபடி, அச்சிசு நேர்முகத்தில் கண்ட முகத்தை முக்கால் முகத்திலும் அடையாளம் கொள்கிறது. பக்கவாட்டில் மட்டும் தடுமாறுகிறது. ஆக, பாதி வழியை இயற்கை தருகிறது. மீதி வழியை முதல் மாதங்களின் பார்வை தர வேண்டும். அந்தப் பார்வை தடைப்பட்டால்?

கனடாவில் டாப்னி மாரர் முதலியோர், இரு கண்களிலும் பிறவிக் கண்புரையோடு பிறந்து, இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். உதட்டசைவைப் படிப்பதிலும், பார்வை செல்லும் திசையை அறிவதிலும் அவர்களுக்குக் குறையில்லை. ஆனால் தலை வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது ஆளை அறிவதில் குறை இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நல்ல பார்வையோடு வாழ்ந்த பின்பும், முகத்தின் அங்கங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளை உணரும் திறம் திரும்பவில்லை. இழந்தது சில மாதங்களே. இழப்போ நெடுங்காலம் நின்றது.

டெல்லியில் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வையின்றி வளர்ந்த சிறுவர் பலர், காலந்தாழ்ந்தேனும் அறுவைச் சிகிச்சையால் ஒளி பெற்றார்கள். முதலில் முகத்தையும் முகமல்லாததையும் பிரித்தறிய அவர்களுக்கு இயலவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அத்திறம் வளர்ந்தது. காலம் கடந்தது என்று எந்தக் குழந்தையையும் கைவிடலாகாது என்பதற்கு அது பிரமாணம். காலம் கடத்தலாகாது என்பதற்குக் கனடா ஆராய்ச்சி பிரமாணம்.

இந்த இரண்டையும் கைக்கொள்ளும் வசதி நம் கோவைக்கு உண்டு. அவிநாசி சாலையில் 1997 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும், இதே சத்தி சாலையில் வடக்கே சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனையும் இருக்கின்றன. குழந்தையின் கண்மணியில் வெண்மை தெரிந்தாலும், இரண்டு மூன்று மாதமாகியும் தாயின் முகத்தை அது நோக்காவிட்டாலும், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று எந்தப் பாட்டியும் சொல்ல விடாதீர்கள், அன்றே காட்டுங்கள். இரு கண்ணிலும் புரை இருந்தால், பிறந்த எட்டு முதல் பத்து வாரத்துக்குள் சிகிச்சை நடப்பது உத்தமம் என்பது மருத்துவர் கருத்து. கர்ப்பிணியைத் தாக்கும் ருபெல்லா என்னும் ஜெர்மன் அம்மையால் இந்நோய் வரும் என்று 1941-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் கண்டறிந்தார். அதைத் தடுக்கும் தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஊசிக்குப் பயந்து குழந்தையை ஒளித்து வைப்பவர், வருங்காலத்து ஒரு சிசு தன் தாயின் முகத்தைக் கற்கும் வாய்ப்பையும் பணயம் வைக்கிறார்.

5. முடிவுரை

இன்னும் ஒரு சாராரை நினைவூட்டி முடிக்கிறேன். கண்ணும் அறிவும் பழுதின்றி இருந்தும், முகங்களை மட்டும் அறிய இயலாதவர்கள் உண்டு. 1947-இல் யோவாகிம் போடாமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இக்குறைக்குப் பெயரிட்டார். பிறவியிலேயே இக்குறை உடையவர்கள் நூற்றுக்கு இருவர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அவர்களுள் ஒருவர். நம் கொங்கு நாட்டுக் கலியாண வீடுகளில், ‘ஏனுங்க, என்னைத் தெரியலீங்களா?’ என்ற கேள்விக்கு ஒருவர் திகைத்து நின்றால், ‘காசு வந்ததும் கண்டுங்காணாமப் போறான்’ என்று உறவே முறிந்துவிடுவதுண்டு. அடுத்த முறை ஒருவர் அப்படித் திகைக்கக் கண்டால், நாமே நம் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொண்டு பேச்சைத் தொடங்குவது மரியாதைக்குக் குறைவாகாது.

நாம் ஒருவரை எந்தக் கோணத்திலும் அறிகிறோம் என்றால், அவரோடு நாம் கழித்த காலம் அவ்வளவு என்று பொருள். ஆகவே, பழகியவர்களை அறியும் ஆற்றலுக்காக மகிழுங்கள். பழகாதவர்களைக் குறித்துச் சத்தியம் செய்யுமுன் தயங்குங்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முகங்களைக் கற்க வேண்டிய காலத்தில் கண்ணொளி கிடைக்கப் பாடுபடுங்கள். மூன்றாவதாகச் சொன்ன கடமைக்கு, இந்தச் சபையில் உள்ள பெரியோர்கள், தங்கள் தெருவில் பிறக்கும் குழந்தையின் கண்களைப் பரிசோதிக்கச் செய்வதிலிருந்தே தொடக்கம் செய்யலாம்.